விரலுக்கேற்ற வீக்கமும் காருக்கேற்ற கொன்வேட்டரும்

புலம்பெயர்ந்த நாடுகளில் இருந்து எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை காணி, உறுதி, எல்லைக்கல் பற்றியவை. அண்மைக்காலமாக இந்த வரிசையில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. ஊரில் அப்பா ஓடிய பழைய கார் கிடக்கிறது; அதை எடுத்துக் கட்டினால் என்ன என்பதே அது. நாற்பது ஆண்டுகள் பனிநாட்டில் உழைத்தவர்களுக்கு ஓய்வு நெருங்கும் வயதில் இப்படி ஓர் ஆசை வருவது இயல்பு. அதில் நான் குறை காணவில்லை. ஆனால் அந்தக் காருக்குள் எதை வைக்கவேண்டும் என்பதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு.

ரொறன்ரோவில் இருக்கும் அன்பர் ஒருவருடைய கேள்வியையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அவருடைய தந்தையார் கிளிநொச்சியில் ஓடிய ஒஸ்ரின் ஏ60 கேம்பிரிட்ஜ் இன்று வவுனியாவில் ஒரு கொட்டிலின் கீழ் நிற்கிறது. 2002இல் ஏ9 பாதை திறந்தபின் திருத்த வேலைக்காக வவுனியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, 2006 ஓகஸ்டில் பாதை மூடப்பட்டபோது ஓமந்தைக்குத் தெற்கே அகப்பட்டுக்கொண்டதால் தப்பிய கார் அது. இப்போது அதை முழுமையாகப் புதுப்பித்து, கிளச்சை அகற்றிவிட்டுத் தானியங்கிக் கியர் பூட்ட வேண்டும் என்கிறார். கனடாவில் அவரிடம் பழைய அமெரிக்க 'மசில்' கார் ஒன்று இருக்கிறது. அதற்கு வாங்கிய அதே வகை 'ரோர்க் கொன்வேட்டர்' ஒன்றையும் பொருத்தமான கியர்ப்பெட்டியையும் கொள்கலனில் அனுப்பிவைக்கலாமா என்று கேட்கிறார். கொன்வேட்டரின் பெட்டியில் 2500 என்று போட்டிருக்கிறதாம். 'பாய்ந்துகொண்டு கிளம்பும்' என்று எழுதியிருந்தார்.

அனுப்பவேண்டாம் என்பதே என் பதில். அதற்கான காரணங்கள் இவர் ஒருவருக்கு மட்டும் உரியவை அல்ல என்பதால் பொதுவில் எழுதுகிறேன். நான் கலைப்பட்டதாரி, பொறியியல் என் துறை அன்று. ஆனால் பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளாக வன்னியின் வீதிகளிலும், பழுதான வாகனங்களின் ஓரத்திலும், மெக்கானிக்குகளின் பட்டறைகளிலும் கழித்த பொழுது கொஞ்சமல்ல. அங்கே கேட்டறிந்ததையும் பின்னர் வாசித்து உறுதிசெய்துகொண்டதையும் கொண்டே பேசுகிறேன்.

முதலில் அந்தப் பொருள் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். தமிழில் முறுக்குவிசை மாற்றி எனலாம். இரண்டு மின்விசிறிகளை நேருக்கு நேர் வைத்து ஒன்றை மட்டும் இயக்கினால், அதன் காற்றில் மற்றையதும் சுழலத் தொடங்கும். காற்றுக்குப் பதிலாக எண்ணெயும், இரண்டையும் மூடிய ஓர் உருண்டைக் கூடும் என்று கற்பனை செய்தால் பாதி விளங்கிவிடும். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் பக்கம் எண்ணெயை வீசுகிறது. கியர்ப்பெட்டியோடு சேர்ந்த பக்கம் அந்த வீச்சை வாங்கித் திரும்புகிறது. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு சிறிய விசிறி உண்டு. திரும்பிவரும் எண்ணெயை மடக்கி மறுபடியும் சரியான திசையில் அனுப்புவது அதன் வேலை. அந்த மூன்றாவது விசிறியால்தான் கார் நின்ற நிலையில் இருந்து புறப்படும்போது எஞ்சினின் முறுக்குவிசை ஏறத்தாழ இரண்டு மடங்காகப் பெருகிச் சில்லுக்குப் போகிறது. கப்பலின் சுழலியையும் நீராவிச் சுழலியையும் இணைப்பதற்காக ஜேர்மனியப் பொறியியலாளர் ஹேர்மன் ஃபொற்றிங்கர் 1905இல் காப்புரிமை பெற்ற எண்ணம் இது. காருக்குள் பரவலாக வந்தது 1948இல், அமெரிக்காவின் பியூக் நிறுவனத்தின் டைனாஃப்ளோ மூலம்.

கிளச் இருக்கும் காரில் எஞ்சினையும் சில்லையும் இணைப்பதும் பிரிப்பதும் சாரதியின் இடது கால். கொன்வேட்டர் இருக்கும் காரில் அந்த வேலையை எண்ணெய் செய்கிறது. சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினாலும் எஞ்சின் நிற்பதில்லை, எண்ணெய் வழுக்கிக்கொண்டிருக்கும்.

இனி அந்த 2500 என்ற எண்ணுக்கு வருவோம். சில்லை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு எஞ்சினை முழுமையாக முடுக்கினால், அது நிமிடத்துக்கு எத்தனை சுற்றுவரை போய் அதற்குமேல் ஏறமுடியாமல் நிற்கிறதோ அதை ஸ்ரோல் வேகம் என்பார்கள். 1964இல் பொன்ரியாக் ஜீ.ரீ.ஓ. வந்ததில் இருந்து அமெரிக்காவில் பெருகிய மசில் கார்களைப் புதுப்பிப்போர் அதிகம் வாதாடுவது இந்த எண்ணைப் பற்றித்தான். ஓட்டப்பந்தயத்துக்காகக் கெம்ஷாஃப்ட் மாற்றிய எஞ்சின் குறைந்த சுற்றில் சோம்பலாக இருக்கும். மூவாயிரத்தைத் தாண்டினால்தான் விழிக்கும். அத்தகைய எஞ்சினுக்கு ஸ்ரோல் வேகம் உயர்ந்த கொன்வேட்டர் வேண்டும். புறப்படும் கணத்திலேயே எஞ்சின் தன் பலமான சுற்றுக்குப் போய்விட, கார் பாயும். அங்கே அது நியாயமான தெரிவு.

ஆனால் அந்த நியாயத்துக்கு ஒரு விலையுண்டு. ஸ்ரோல் வேகத்துக்குக் கீழே ஓடும் ஒவ்வொரு நிமிடமும் கொன்வேட்டர் கூடுதலாக வழுக்குகிறது. வழுக்குவது எல்லாம் சூடாக மாறுகிறது. சூடு எண்ணெயை எரிக்கிறது. எரிந்த எண்ணெய் கியர்ப்பெட்டியைக் கொல்கிறது. ஆகவே அனுபவசாலிகள் கொன்வேட்டர் தெரிவு செய்யும்போது ஐந்து கேள்விகள் கேட்கிறார்கள். எஞ்சினின் பலம் எந்தச் சுற்றில் இருக்கிறது? கார் என்ன நிறை? பின்அச்சின் பல்விகிதம் என்ன? ரயரின் விட்டம் என்ன? எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் கார் எங்கே, எதற்காக ஓடப்போகிறது? அமெரிக்காவிலேயே மிக அதிகமாக நடக்கும் தவறு, கடைசிக் கேள்விக்கு உண்மையான பதில் சொல்லாமல், தேவைக்கு மேற்பட்ட ஸ்ரோல் வேகத்தை வாங்கிவிடுவதுதான். விரலுக்கேற்ற வீக்கம் என்று நம் கிழவிகள் சொன்னது வேறு விடயத்துக்காக இருக்கலாம், இங்கேயும் பொருந்தும்.

இப்போது அதே கேள்விகளை வவுனியாக் கொட்டிலின் கீழ் நிற்கும் ஏ60இடம் கேட்டுப்பாருங்கள்.

1961 முதல் 1969 வரை செய்யப்பட்ட கார் அது. எஞ்சின் 1622 சிசி. அதன் வலு ஏறத்தாழ அறுபது குதிரை. முறுக்குவிசையின் உச்சம் இரண்டாயிரம் சுற்றுகளை அண்டியே வந்துவிடும். குறைந்த சுற்றிலேயே பாரம் இழுக்கப் பிறந்த எஞ்சின் என்பது இதன் பொருள். அதற்குக் கொன்வேட்டர் வைப்பதாயின் ஸ்ரோல் வேகமும் இரண்டாயிரத்தை அண்டியே இருக்கவேண்டும். இன்னொன்றும் சொல்லவேண்டும். ஏ60 வந்த காலத்திலேயே விரும்பியோருக்கு போர்க் வோர்ணர் 35 என்ற மூன்று கியர்த் தானியங்கிப் பெட்டியைத் தொழிற்சாலையிலேயே பூட்டிக் கொடுத்தார்கள். எனவே இந்தக் காருக்குத் தானியங்கிக் கியர் அந்நியம் என்று எவரும் சொல்லமுடியாது. அந்நியமாவது ரொறன்ரோவில் இருந்து வரவிருக்கும் அந்தப் பெட்டிதான்.

ஏனென்றால் பெட்டியில் அச்சடித்திருக்கும் 2500 என்ற எண் கொன்வேட்டருக்கு மட்டும் சொந்தமானது அல்ல. அது கொன்வேட்டரும் எஞ்சினும் சேர்ந்து பெறும் எண். ஒரே கொன்வேட்டரைப் பலமான எஞ்சினோடு பூட்டினால் ஸ்ரோல் வேகம் ஏறும். நலிந்த எஞ்சினோடு பூட்டினால் இறங்கும். கணக்கும் எளிது. முறுக்குவிசை நான்கில் ஒன்றாகக் குறைந்தால் ஸ்ரோல் வேகம் ஏறத்தாழ அரைவாசியாகும். பெரிய அமெரிக்க வீ8 எஞ்சின் ஒன்றின் முறுக்குவிசையில் ஏ60இன் எஞ்சினுக்கு இருப்பது ஏறத்தாழக் கால்பங்கு. ஆக, அங்கே 2500இல் நிற்கும் கொன்வேட்டர் இங்கே 1250ஐ அண்டி நிற்கும். எஞ்சின் தன் பலத்துக்கு ஏறுவதற்கு முன்னரே கழுத்தைப் பிடித்து அமுக்கிவிடும். பாய்வதற்கென்று அனுப்பிய பொருள் காரை இழுபட வைக்கும். வீ8இன் பாரத்தைத் தாங்கச் செய்த கொன்வேட்டரின் பருமனும் அதற்குள் நிற்கும் எண்ணெயின் நிறையும் இந்தச் சிறு எஞ்சினுக்கு வெறும் சுமை. கப்பற் கூலி, சுங்கம், பொருத்தும் செலவு எல்லாம் கொடுத்த பிறகு கிடைக்கப்போவது, தந்தையார் ஓடியதைவிடச் சோம்பலான ஒரு கார்.

இதுவரை சொன்னது இயந்திரக் கணக்கு. வன்னிக்கென்று இன்னொரு கணக்கும் இருக்கிறது.

1990 ஜூனில் போர் மறுபடியும் மூண்டபின் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோலும் டீசலும் பற்றறியும் தடைப்பட்டியலில் இருந்தன. அந்த ஆண்டுகளில் வன்னியிலும் குடாநாட்டிலும் ஓடியவை புதிய ஜப்பானியக் கார்கள் அல்ல. ஏ40 சோமசெற்றும் மொறிஸ் மைனரும் கேம்பிரிட்ஜும்தான் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் பொன்போல் வைத்திருக்கும் பெற்றோலில் சில துளிகளைக் காபிரேற்றருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்புவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அதனோடு சமையலெண்ணெய் கொஞ்சம் கலப்பதும் உண்டு. பின்னால் வெண்புகை படலமாக எழும். அந்தப் புகையின் மணம் தெரியாத எவரும் அந்தக் காலத்தில் வடக்கில் வாழ்ந்திருக்க முடியாது.

இது ஏதோ அற்புதம் அல்ல, காரணம் உண்டு. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. எஞ்சின் சூடாக இருக்கவேண்டும். உயர்ந்த அமுக்க விகிதம் உள்ள எஞ்சினில் அது தட்டும். பழைய பிரித்தானிய எஞ்சின்களின் அமுக்க விகிதம் தாழ்ந்தது. இங்கிலாந்தில் ஃபேர்கசன் உழவு இயந்திரங்களே 1949 முதல் மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எரிபொருளில், பெற்றோலில் கிளப்பிப் பின் மாற்றும் இதே முறையில் ஓடின. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும் என்பதும் நம்முடைய மெக்கானிக்குகளுக்குத் தெரிந்திருந்தது. ஒயிலைத் தொட்டு, விரலிடையே தேய்த்துப் பார்த்தே எப்போது மாற்றவேண்டும் என்று சொல்வார்கள்.

ஒரே தீவின் இரு முகங்களையும் இங்கே நினைத்துப்பார்க்கலாம். அதே 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர், தென்னிலங்கைத் தொழிலதிபர் ஒருவருடன் இணைந்து, மைனருக்கான உதிரிப்பாகங்களை இங்கே செய்வித்து அங்கே எடுப்பித்தார். தெற்கில் மைனர் ஏற்றுமதித் தொழிலாக இருந்தது. வடக்கில் அதே மைனர் ஆஸ்பத்திரிக்கு ஆளேற்றும் வழியாக இருந்தது.

அந்தக் காலத்தில் இந்தக் கார்களில் கிளச்சுக்குப் பதிலாகக் கொன்வேட்டர் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? கிளிநொச்சியில் எழுபது வயதைத் தாண்டிய மெக்கானிக் ஒருவரிடம் இதைக் கேட்டேன். சிரித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, கிளச்காரன் தள்ளியெண்டாலும் வீடு போய்ச் சேருவான். ஒட்டோக்காரனுக்குப் பற்றறி செத்தால் றோட்டிலதான் படுக்கை."

ஒரு வரியில் அவர் சொன்னதற்குள் முழு விளக்கமும் இருக்கிறது. கிளச் உள்ள காரைத் தள்ளி, இரண்டாம் கியரில் போட்டுக் காலை எடுத்தால் சில்லு எஞ்சினைச் சுழற்றும்; எஞ்சின் பற்றிக்கொள்ளும். பற்றறி சரியாக இல்லாவிட்டாலும் பாதகமில்லை. பழைய கார்கள் பலவற்றில் முன்னால் கைபிடி செருகிச் சுழற்றவும் வழியிருந்தது. கொன்வேட்டர் உள்ள காரில் எஞ்சின் சுழன்றால்தான் எண்ணெய் அமுக்கம் வரும். எண்ணெய் அமுக்கம் வந்தால்தான் கியர் பிடிக்கும். பின்பக்கத்திலும் பம்ப் வைத்திருந்த சில பழைய பெட்டிகளைத் தவிர, மற்றவற்றை நாள் முழுக்கத் தள்ளினாலும் கிளம்பா. அதற்குரிய சிவப்பு எண்ணெயைத் தடைக்காலத்தில் எங்கே தேடுவது? பெற்றோலுக்கு மண்ணெண்ணெய் மாற்றாயிற்று; அந்த எண்ணெய்க்கு மாற்று இல்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோதும், அடுத்த ஆண்டு கிளாலி கடந்து வன்னிக்குள் குடும்பங்கள் வந்தபோதும், 1996 செப்ரெம்பரில் கிளிநொச்சி நகரம் வெறிச்சோடியபோதும், முதியவர்களையும் நோயாளர்களையும் சுமந்த கார்கள் தள்ளிக் கிளப்பக்கூடிய கார்களே.

இந்தப் படிப்பினை போரோடு முடிந்துவிடவில்லை. 2022இல் நாடு முழுவதும் எரிபொருள் வரிசையில் நின்றபோது, கியூஆர் அட்டைக்குக் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று பங்கிட்டபோது, கொழும்பிலிருந்த நண்பர்கள் வாழ்க்கை நின்றுவிட்டதுபோல் எழுதினார்கள். வன்னியில் பலர் சைக்கிளைத் துடைத்து எடுத்தார்கள். வாகன இறக்குமதியும் 2020 மார்ச்சில் நின்று, தனியாருக்கான கார்கள் 2025 பெப்ரவரியில்தான் மறுபடியும் வரத்தொடங்கின. இறக்குமதியை நம்பிய உதிரிப்பாகம் எத்தனை நாள் கிடைக்கும், எத்தனை நாள் கிடைக்காது என்பதை இந்தத் தீவில் எவரும் உறுதிகூற முடியாது. ஆகவே இங்கே ஓடவேண்டிய காருக்குள் இங்கே திருத்தமுடியாத எதையும் வைக்கக்கூடாது என்பதே என் முதற்கொள்கை.

இந்த இடத்தில், "அப்படியாயின் தானியங்கிக் கியரே வேண்டாம், கிளச்சை அப்படியே விடு என்கிறீரா?" என்று கேட்பீர்கள். இரண்டு வாரங்களுக்கு முன்னர் கேட்டிருந்தால் ஒருவேளை ஆம் என்று சொல்லியிருப்பேன். பின்னர்தான் ரொறன்ரோ அன்பர், பேச்சோடு பேச்சாக, காரை ஓடப்போவது தான் அல்ல, தம்பி என்றார். ஆண்டுக்கு மூன்று வாரம் வருகிறவர் இவர். மீதி நாற்பத்தொன்பது வாரமும் கார் தம்பியிடம் நிற்கும். தம்பிக்கு 2009 ஏப்ரலில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

இது முழுக் கேள்வியையும் மாற்றிவிடுகிறது. போர்க்காலத்தில் கண்ணிவெடியிலும் எறிகணையிலும் காலிழந்தவர்கள் வன்னியில் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கிறார்கள். இடது கால் இல்லாத ஒருவருக்குக் கிளச் என்பது பூட்டிய கதவு. அவருக்குத் தானியங்கிக் கியர் சொகுசு அன்று. சந்தைக்கும் கிளினிக்குக்கும் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கும் பிறர் தயவின்றிப் போய்வரும் வழி. அமெரிக்க வீதியில் அரைச் செக்கன் முந்திப் பாய்வதற்காகக் கொன்வேட்டர் தேடுகிறவனுக்கும், பரந்தன் சந்தியில் நிறுத்தி மெல்லப் புறப்படுவதற்காகத் தேடுகிறவனுக்கும் வேண்டிய பொருளின் பெயர் ஒன்றுதான். பொருள் ஒன்றல்ல.

காலைப் பற்றியே பேசுவதால் இன்னொரு காலைப் பற்றியும் சொல்லவேண்டும். 1960களின் பிற்பகுதியில் ராஜஸ்தானின் ஜெய்ப்பூரில் வைத்தியர் பி.கே.சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் செய்த செயற்கைக்கால் உலகப் புகழ்பெற்றது. அதற்கு முன்னரும் மேனாட்டுச் செயற்கைக்கால்கள் இருந்தன. தரத்தில் குறைந்தவையும் அல்ல. ஆனால் அவை சப்பாத்துக்குள் நுழைக்கச் செய்யப்பட்டவை. நம்மவர் வெறுங்காலோடு நடப்பவர், நிலத்தில் குந்துபவர், சேற்று வயலில் இறங்குபவர். றப்பரைக் கொண்டு, வளைந்துகொடுக்கும் விதமாக, உள்ளூர்ப் பட்டறையிலேயே திருத்தக்கூடியதாக அந்தக் கால் செய்யப்பட்டது. அது வென்றதற்குக் காரணம் விலை மட்டுமல்ல. அணிகிறவன் எந்த நிலத்தில் நடப்பான் என்ற கேள்வியை அதைச் செய்தவர்கள் முதலில் கேட்டார்கள். யாழ்ப்பாணத்தின் ஜெய்ப்பூர் நிலையத்தில் எத்தனையோ பேர் எழுந்து நடந்தது அந்தக் கேள்வியின் பயனால். காருக்கும் அதே கேள்வியைத்தான் கேட்கவேண்டும் என்கிறேன்.

ஆகவே தம்பிக்காக அந்த ஏ60க்கு என்ன வைப்பது? பட்டறைக்காரர்களோடு பேசியதன் சாரத்தைத் தருகிறேன்.

ஒன்று, எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் கொன்வேட்டரையும் வெவ்வேறு இடங்களில் பொறுக்கி எடுத்துச் சேர்க்கவேண்டாம். மூன்றையும் ஒரே வாகனத்தில் இருந்து ஒன்றாக எடுப்பதே அறிவு. தொழிற்சாலை ஏற்கனவே அவற்றின் பொருத்தத்தைக் கணக்குப் பார்த்துவிட்டது. நாம் மறுபடியும் பார்க்கத் தேவையில்லை. ஏ60 பின்சில்லால் ஓடுவது. எனவே இப்போது வீதி நிறைந்திருக்கும் முன்சில்லு இயக்கக் கார்களின் பெட்டிகள் உதவா. ரொயோட்டா லைற்ஏஸ் போன்ற பின்சில்லு இயக்க வான்களில் இருந்து வரும் தானியங்கித் தொகுதிகளே நோக்கத்தக்கவை. அவற்றின் கொன்வேட்டர்கள் ஆளையும் பாரத்தையும் ஏற்றி மெல்லப் புறப்படவென்றே செய்யப்பட்டவை. நான்கு கியர் உள்ளவற்றில், சீரான வேகம் வந்ததும் வழுக்கலை நிறுத்தி இரு பக்கத்தையும் இறுகப் பிணைக்கும் பூட்டும் பொதுவாக இருக்கும். நகரத்துக்கு வெளியே கார்களுக்குச் சட்டம் அனுமதிப்பது மணிக்கு 70 கிலோமீற்றர். அந்த வேகத்தில் புளியங்குளம், மாங்குளம் என்று நேரே ஓடும் ஏ9இல் அந்தப் பூட்டு எண்ணெய்ச் சூட்டையும் எரிபொருளையும் மிச்சப்படுத்தும்.

இரண்டு, எண்ணெய் ஆற்றி. வன்னியின் சித்திரை வெயிலில், கிறவல் ஒழுங்கையில் முதலாம் கியரில் ஊர்ந்து போகும்போது காற்று முகத்தில் படாது. கொன்வேட்டர் வழுக்கிக்கொண்டே இருக்கும். கனடாவின் குளிரில் தேவைப்படாத ஒரு சிறிய ஆற்றி இங்கே கியர்ப்பெட்டியின் ஆயுளைத் தீர்மானிக்கும். கொன்வேட்டருக்குச் செலவழிக்க நினைத்த பணத்தில் பத்திலொரு பங்கை இதில் போடுங்கள்.

மூன்று, நிறுத்தற்சக்தி. புதிய எஞ்சினுக்குப் பழைய பிரேக் போதாது. கிளச் காரில் கியரைக் குறைத்தால் எஞ்சின் காரைப் பிடித்துக்கொடுக்கும்; கொன்வேட்டர் காரில் அந்தப் பிடி குறைவு. ஒற்றைக் காலால் ஓடுகிறவருக்கு அந்த ஒற்றைக் காலின் கீழ் இருக்கும் பிரேக்கே உயிர். கிளம்பும் வேகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் நிற்கும் தூரத்தைப் பற்றி ஏனோ பேசுவதில்லை.

நான்கு, பத்திரம். எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியவேண்டும். தம்பியாரின் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு மருத்துவச் சான்றும் வேண்டும். வேலை தொடங்குமுன் இவற்றை முடியுங்கள். கார் மினுங்கிக்கொண்டு வாசலில் நின்று, கடதாசி இல்லாமல் வீதிக்கு வரமுடியாமற் போன கதைகள் எனக்குத் தெரியும்.

ஐந்து, கழற்றும் பழைய எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் கிளச்சையும் இரும்புக்காரனுக்குப் போடவேண்டாம். கிறீஸ் பூசி, பொதிந்து, அதே கொட்டிலில் வையுங்கள். மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின் அது. 2009 மேக்குப் பிறகு முள்ளிவாய்க்கால் கரையில் எரிந்தும் துருவேறியும் குவிந்து கிடந்த வாகனங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தத் தலைமுறைக் கார்களில் எஞ்சியவை எவ்வளவு சொற்பம் என்று. இங்கிலாந்தில் இத்தகைய கார்களுக்குச் சங்கங்களும் அரும்பொருளகங்களும் உண்டு. ஆனால் காபிரேற்றரில் நம்மவர் செய்த மாற்றத்தோடு ஒரு கேம்பிரிட்ஜை அந்த அரும்பொருளகங்களில் காணமுடியாது. அது இங்கே மட்டுமே இருக்கக்கூடிய சரித்திரம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தப் பொருத்தும் வேலையைச் செய்யப்போகிறவர்கள் பெரும்பாலும் அறுபதையும் எழுபதையும் தாண்டிய மனிதர்கள். அவர்களுக்குப் பட்டம் இல்லை, கையேடு இல்லை, சிலருக்குப் பெயர்ப்பலகைகூட இல்லை. புலம்பெயர்ந்த நம்மவர் சிலர் இவர்களிடம் வந்து, கைத்தொலைபேசியில் ஏதோ ஒரு அமெரிக்கக் காணொளியைக் காட்டி, "இப்படிச் செய்யுங்கோ" என்று உத்தரவு போடுவதைக் கண்டிருக்கிறேன். அந்தக் காணொளியில் இருப்பவன் தன் எஞ்சினுக்கும் தன் வீதிக்கும் சரியானதைச் செய்கிறான். அவனுக்குப் பரந்தன் சந்தி தெரியாது. தடை விழுந்த ஊரில் தகரத்தையும் றப்பரையும் கொண்டு ஒரு மாகாணத்தையே ஓடவைத்தவர்களிடம் உத்தரவோடு போகவேண்டாம், கேள்வியோடு போங்கள். கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். அவர்கள் செய்வதைப் பக்கத்தில் நின்று எழுதிக்கொள்ளுங்கள். எந்தத் துளையை எத்தனை நூல் அகட்டினார்கள், எதனோடு எதைக் கலந்தார்கள் என்பதெல்லாம் இன்றுவரை எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்களோடு போய்விடும்.

ரொறன்ரோ அன்பருக்கு எழுதிய பதிலில் மூன்றே வரிகள் இருந்தன. கொள்கலனில் இடம் மிச்சமிருந்தால் நல்ல பிரேக் உதிரிப்பாகங்களை அனுப்புங்கள். கொன்வேட்டரை வவுனியாவில் எடுப்போம். எந்தக் கொன்வேட்டர் என்பதைத் தம்பி ஓடிப்பார்த்துச் சொல்லட்டும்.